அணியைத் தெரிவு செய்பவர் யார்? நுரைச்சோலையில் கேட்ட ஒரு கேள்வி

புத்தளம் – கொழும்பு வீதியில் பாலாவிச் சந்தியிற் பிரிந்து கல்பிட்டிக்குச் செல்லும் பாதையை வாசகர்களிற் சிலர் அறிந்திருக்கக்கூடும். ஒரு புறம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். இடையிலுள்ள மணற்பரப்பிற் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்யும் மக்கள். அப்பாதையில் உள்ள ஊரே நுரைச்சோலை. நாட்டின் ஏனைய பாகத்தவர்கள் இவ்வூரின் பெயரைப் பெரும்பாலும் மின்வெட்டுச் செய்திகளிலேதான் கேட்டிருப்பர். 2011ஆம் ஆண்டு மார்ச்சில் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற் கொள்ளளவை எட்டிய அனல் மின்நிலையம் இங்குதான் உள்ளது.

அண்மையில் சோளகக் காற்று வீசும் மாதமொன்றில் அங்கு செல்ல நேர்ந்தது. அம்மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். படகுகள் கரையேற்றப்பட்டிருக்கும், வலைகள் பழுதுபார்க்கப்படும், தேநீர்க்கடைகள் நிறைந்திருக்கும். கிரிக்கெட்டுக்கு முன்னர் இருந்ததுபோல ஓய்வுகாலம் என்று இப்போது எதுவுமில்லை. ஆயினும் ஒரு தொடர் முடிந்து மற்றொன்று தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்களில், யாரை நீக்குவது, யாரைச் சேர்ப்பது, யாரைத் தலைவராக்குவது என்ற விவாதம் அக்கடைகளில் இரவு வரை ஓய்வதில்லை. ஆட்டம் நடக்கும் நாட்களைவிட ஆட்டமில்லாத நாட்களிலேதான் இரசிகர்களின் குரல் உயர்ந்து ஒலிக்கிறது என்பது என் நெடுநாள் அவதானிப்பு.

நான் பத்திரிகையில் இருந்தவன் என்பதை அறிந்த ஓர் இளைஞர், வழக்கைத் தீர்க்க வந்த நடுவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஐயா, எங்கட டீமைத் தெரிவு செய்யிறது யாரு? தெரிவுக் குழுவா, போர்டா, மந்திரியா?"

கடைக்கார நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதிய ஒருவன் ஒரே சொல்லிற் பதில் கூறியிருக்க வேண்டிய கேள்வி அது. என்னால் முடியவில்லை. அன்று கூற இயலாத பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

இலங்கை கிரிக்கெட்டின் தொடக்க காலத்தில் இக்கேள்விக்கு விடை எளிதாக இருந்தது. தெரிவு செய்தவர்கள் கொழும்புக் கழகங்களின் கனவான்கள். 1899இல் தோன்றிய தமிழ் யூனியனும் எஸ்.எஸ்.சி.யும், 1908இல் தோன்றிய மூர்ஸ் விளையாட்டுக் கழகமும் இனங்களின் பெயராலும் நட்பு வட்டங்களாலும் அமைந்தவை. 1948 மார்ச் 27ஆம் திகதி, இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஒருநாள் இறங்கி ஆடியபோது, எதிரணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். ஆடுகளம் 22 யார் நீளத்திற்குப் பதிலாக 20 யார் மட்டுமே இருந்தது என்பது அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றும் கூறப்படும் செய்தி. களத்தை அளந்து பார்க்கவும் ஒழுங்கான அமைப்பில்லாத காலம் அது. கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை உருவானது அதற்கு மூன்று மாதங்களின் பின்னரே. அச்சபைக்குத் தலைமை வகித்த பி. சரவணமுத்துவின் பெயரைத் தாங்கிய மைதானத்திலேதான் 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது.

இவ்வாறு சிலருடைய கைகளில் இருந்த விளையாட்டை அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். விளையாட்டுச் சங்கங்களைப் பதிவு செய்யவும், அவற்றின் பதிவை நிறுத்தவும், இடைக்கால நிர்வாகத்தை நியமிக்கவும் அமைச்சருக்கு அது அதிகாரமளித்தது. நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்யும் அணி புறப்படுவதற்கு முன் அமைச்சரின் அங்கீகாரம் பெறவேண்டும் என்ற விதியும் இதன் வழியே வந்ததுதான். கழகங்களின் கதவைச் சாமானியனுக்குத் திறந்துவிடும் என்று நம்பி இதனை வரவேற்றவர்கள் உண்டு. என் தலைமுறையினர் பலர் அவ்வாறே நம்பினோம்.

அக்கதவு வழியாக உள்ளே நுழைந்தவர் சாமானியர் அல்லர், அமைச்சரே. 2017 டிசம்பரில் நடந்ததை இங்கு குறிப்பிடலாம். ஒருநாள் போட்டிகளுக்காக இந்தியாவுக்குப் புறப்படவிருந்த 9 வீரர்கள், அமைச்சரின் ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை என்ற காரணத்தினாற் புறப்பட விடாமல் நிறுத்தப்பட்டனர். தெரிவுக் குழு தெரிவு செய்திருந்தது. சபை பயணச்சீட்டு வாங்கியிருந்தது. ஆயினும் அணி அணியாகவில்லை. இளைஞரின் கேள்விக்கு இதுவே ஒரு பதில்தான்.

ஆனால் அமைச்சர்களை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு எழுந்துவிட முடியாது. நல்ல நிர்வாகம் என்னவென்பதையும் இந்நாடு ஒருமுறை கண்டிருக்கிறது. 1995ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் மெல்பேர்னில் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை முறையற்றது என நடுவர் டரல் ஹெயர் அறிவித்தபோது, அந்த இளைஞரைக் கைவிடுவது சபைக்கு இலகுவான வழியாக இருந்திருக்கும். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்கவும் சபையும் அதனைச் செய்யவில்லை. அவரது கை மருத்துவ முறையில் ஆராயப்பட்டது. அவர் அணியில் நிலைத்தார். மூன்று மாதங்களுக்குள், 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது.

அவ்வெற்றிக்கு அடுத்து வந்த வாரம் செய்தி சேகரிப்பதற்காக இதே கல்பிட்டிப் பாதையால் நான் சென்றேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்திருந்தனர். கிடுகுக் கொட்டில்களுக்கு இடையேயிருந்த மணல்வெளியிற் சிறுவர்கள் தென்னை மட்டையைத் துடுப்பாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். யார் ஜயசூரிய, யார் முரளி என்பதில் அவர்களுக்குள் பெரும் சண்டை. வீடும் காணியும் பறிபோன பிள்ளைகளுக்குத் தமது என்று உரிமை பாராட்ட அந்த அணி கிடைத்திருந்தது. அன்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட வரி எதுவும் பத்திரிகையில் வெளிவரவில்லை. ஆனால் அக்காட்சி மறக்கவில்லை.

அதே ஆண்டிலேயே, அவ்வெற்றியின்போது சபைத் தலைவராக இருந்த ஆனா புஞ்சிஹேவா சபைத் தேர்தலில் தோற்றார். பயிற்றுவிப்பாளர் டேவ் வட்மோரும் விலகினார். கிண்ணத்தோடு வந்த பணமும் தொலைக்காட்சி உரிமைகளும் சபைப் பதவிகளை முன்னில்லாத அளவுக்கு விரும்பத்தக்கவை ஆக்கின. வாக்களிப்பவர்கள் கழகங்களும் மாவட்ட, மாகாணச் சங்கங்களும். அணி நன்றாக ஆடியதா என்பதைவிடச் சங்கத்துக்கு என்ன கிடைக்கும் என்பது தேர்தலைத் தீர்மானிக்கத் தொடங்கியது. தேநீர்க்கடையில் இருப்பவருக்கு அங்கே வாக்கில்லை.

1999 உலகக் கிண்ணத்தில் நடப்புச் சம்பியனான இலங்கை முதற் சுற்றிலேயே வெளியேறியது. அர்ஜுன தலைமையை இழந்தார். சனத் ஜயசூரிய தலைவரானார். அவ்வாண்டே சபை கலைக்கப்பட்டு, வங்கியாளர் றியென்சி விஜேதிலக தலைமையில் இடைக்கால நிர்வாகக் குழு வந்தது. அன்று செய்திப் பிரிவில் இருந்த நான் அதனை வரவேற்றுத் தலைப்பிட்டேன். இனி எல்லாம் ஒழுங்காகும் என்ற தொனி அத்தலைப்பில் இருந்தது. அதன் பின்னர் 2001, 2005, 2009, 2015, 2023 எனக் குழுக்கள் வந்தன. 2008இல் அர்ஜுனவே நியமனத் தலைவராகி, அவ்வாண்டு முடிவதற்குள் நீக்கப்பட்டார். 2005க்கும் 2012க்கும் இடையிற் சபைக்குத் தேர்தலே இல்லை. ஒவ்வொரு முறையும் நாம் "துப்புரவு" என்றுதான் எழுதினோம். துப்புரவுக்கு வந்தவரை நியமித்த கையே அவரை நீக்கவும் வல்லது என்பதை நாம் எழுதவில்லை.

நுரைச்சோலை விவாதத்தில் அதிக நேரம் பிடித்தது 2011 ஏப்ரல் 2ஆம் திகதி மும்பையில் நடந்த இறுதிப் போட்டி. அரையிறுதியில் ஆடிய அணியில் நான்கு மாற்றங்கள். அஞ்சலோ மத்யூஸ், அஜந்த மெண்டிஸ், ரங்கன ஹேரத், சாமர சில்வா ஆகியோர் இல்லை. திசர பெரேரா, நுவன் குலசேகர, சுராஜ் ரண்தீவ், சாமர கப்புகெதர ஆகியோர் வந்தனர். 274 ஓட்டங்கள் எடுத்தும் இலங்கை 6 விக்கெட்டுகளால் தோற்றது. "வித்துட்டாங்க" என்றார் இளைஞர். "மத்யூசுக்குக் காயம். துடுப்பும் பந்தும் ரெண்டுமே செய்யிற ஒருத்தன் போனா, அந்த இடத்த நிரப்ப ரெண்டு மூணு பேரை மாத்தத்தான் வேணும்" என்றார் நானா.

நான் நானாவின் பக்கம். அந்த மாற்றங்களிற் சில தவறானவையாக இருக்கலாம். தவறு வேறு, துரோகம் வேறு. 2020இல் முன்னாள் அமைச்சர் ஒருவரே அப்போட்டி விற்கப்பட்டதாகக் கூறியபோது பொலிஸ் விசாரணை நடந்தது. அன்றைய தெரிவுக் குழுத் தலைவர் அரவிந்த டி சில்வாவும் அணித்தலைவர் குமார் சங்கக்காரவும் மணிக்கணக்காக விசாரிக்கப்பட்டனர். சான்று இல்லையென 2020 ஜூலையில் விசாரணை முடிக்கப்பட்டது. ஆனால் இளைஞரின் ஐயம் முடியவில்லை. அதற்கும் காரணம் உண்டு. தெரிவுக் குழு தன் முடிவுக்கான காரணத்தை மக்களுக்கு விளக்கும் வழக்கம் நம்மிடம் வளரவில்லை. 2011 ஜூலையில் சங்கக்கார லோர்ட்ஸ் மைதானத்தில் ஆற்றிய உரையில் நிர்வாகத்தின் சீர்கேட்டைத் துணிந்து பேசியபோது, உடனடியாக எழுந்தது அவ்வுரையைப் பற்றிய விசாரணையே அன்றிச் சீர்கேட்டைப் பற்றிய விசாரணை அன்று. காரணம் கூறப்படாத இடத்தில் வதந்தி குடியேறும்.

அமெரிக்காவில் பேஸ்போல் இரசிகர்கள் குளிர்கால ஓய்வு மாதங்களில் அடுப்பைச் சுற்றியிருந்து, யாரை வாங்கலாம், யாரை விற்கலாம் என்று வாதாடும் வழக்கம் நூறாண்டுகளுக்கும் மேலானது. அங்கே அணி ஒரு முதலாளியின் சொத்து. வெறுத்துப்போன இரசிகர் அடுத்த ஊரின் அணிக்கு மாறிவிடலாம். அனுமதிச்சீட்டு வாங்காமல் விடலாம். தேசிய அணியின் இரசிகருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு வேறு அணி கிடையாது. எனவேதான் அவருடைய சினம் அரசியலாகிவிடுகிறது. அரசியல்வாதி அதனை நன்கு அறிவார்.

2023 நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் இந்தியாவின் 357 ஓட்டங்களுக்கு எதிராக இலங்கை 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. செப்டெம்பரில் ஆசியக் கிண்ண இறுதியில் 50 ஓட்டங்கள்; இப்போது 55. நாடு கொதித்தது. நவம்பர் 6இல் அமைச்சர் சபையைக் கலைத்து அர்ஜுன தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 9ஆம் திகதி பாராளுமன்றம், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி வேறுபாடின்றி, சபை விலகவேண்டும் என்று தீர்மானித்தது. 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை, அரசின் தலையீட்டைக் காரணங்காட்டி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 27ஆம் திகதி அமைச்சர் பதவி நீக்கப்பட்டார். 2024 ஜனவரி 28இல் இடைநிறுத்தம் நீங்கியது.

அமைச்சரின் பதவி போயிற்று. சபை நிலைத்தது. இழந்தவர் வேறொருவரும் உண்டு. 2024 ஜனவரியில் இலங்கையில் நடக்கவேண்டியிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. இதனை நான் கூறியபோது, அதுவரை உரத்துப் பேசிய அந்த இளைஞரின் குரல் தாழ்ந்தது.

"அதுக்கு நாங்க பதினஞ்சு பேரு வேன் பேசியிருந்தோம் ஐயா. சின்ன டீம்தானே, டிக்கற் கிடைக்கும் எண்டு. உலகக் கிண்ண மெட்ச் ஒண்டு கண்ணால பார்க்கிற ஆசை."

நுரைச்சோலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். அந்தத் தூரத்தைக் கடக்கும் ஆசையை முறித்தவர்கள் அனைவரும், இரசிகரின் பெயராலேயே செயற்பட்டதாகக் கூறிக்கொண்டவர்கள்.

எனவே இளைஞரின் கேள்விக்கு என் பதில் இதுதான். சட்டப்படி அணியைத் தெரிவு செய்வது தெரிவுக் குழு. அங்கீகரிப்பது அமைச்சர். இருவரையும் சூழ்ந்து நிற்பது வாக்குள்ள சங்கங்கள். தோல்வியின் மறுநாள் இம்மூவரும் நம்மை நோக்கி ஒருவரையொருவர் சுட்டிக்காட்டுவர். நாமும் சுட்டிய திசையெல்லாம் கல்லெறிவோம். யாரை நீக்குவது என்று நாம் கேட்கும் வரையில் அவர்களுக்கு இடையூறு இல்லை. ஏன் சேர்த்தீர்கள், ஏன் நீக்கினீர்கள், அதனை எழுத்தில் எமக்குக் கூறுங்கள் என்று கேட்கத் தொடங்கினாலே கதை மாறும். இதனை இரசிகர்களைவிடப் பத்திரிகையாளர்கள் முதலிற் கேட்டிருக்க வேண்டும். 1999இல் நான் இட்ட தலைப்பை இன்று திருத்த முடியாது. அடுத்த இடைக்காலக் குழுவுக்கு வாழ்த்துத் தலைப்பிடாமலிருக்க இளைய சகாக்களாலாவது முடியும்.

நான் புறப்பட்டபோது கடையில் விவாதம் மீண்டும் தொடங்கியிருந்தது. அடுத்த தொடருக்கு ஆரம்பத் துடுப்பாட்ட வீரர் யார் என்பது பொருள். கரையேற்றிய படகுகள் அப்படியே இருந்தன. சோளகம் ஓய இன்னும் சில வாரங்கள் ஆகும் என்றார்கள்.