ஜவ்வாது மலையிலிருந்து ஹான்லே வரை

தேவிகாபுரத்து நெசவாளர் மழைநாளில் தெருவில் பாவு விரிப்பதில்லை. வானை ஆராய்வோருக்கும் ஈரமே முதற்பகை. நம் ஊருக்கு மேற்கே, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் வரலாற்றில் இதனைக் காணலாம்.

அதனை உருவாக்கிய வைணு பாப்புவின் தந்தையார் ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். நவாப் ஜஃபர் ஜங் 1901ஆம் ஆண்டு, தம் சொந்தப் பொருளில் இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்து நிறுவியது அது. 1908இல் நிஜாம் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. சிறுவன் பாப்பு விண்ணைப் பயின்றது அங்கேதான். மராகாவின் நசீருத்தீன் தூசியையும் சமர்கந்தின் உலூக் பேக்கையும் பெருமையுடன் பேசும் நாம், அண்டையிலிருந்த இந்த நவாபை ஏனோ மறந்துவிட்டோம்.

காவலூரில் 1968இல் பணி தொடங்கிற்று. 1972இல் வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்கு மெல்லிய காற்று மண்டலம் இருப்பதற்கான அறிகுறி இங்கே பதிவாயிற்று. ஆயினும் வடகிழக்குப் பருவமழையில் மேகம் வானை மூடிவிடும். மேகமில்லாத இரவிலும் காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிவிடும். உயரமும் குளிரும் மிகுந்த இடத்தில்தான் நீராவி குறைவு.

ஆகவே இந்திய வானியற்பியல் நிறுவனம் லடாக்கின் ஹான்லேயை நாடியது. 4,500 மீட்டர் உயரத்துக் குளிர்ப் பாலைவனம் அது. பனிக்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 25 பாகைக்கும் இறங்கும். 2000ஆம் ஆண்டு அங்கே 2 மீட்டர் தொலைநோக்கி முதல் ஒளியைக் கண்டது. அது தாங்கியிருப்பது தமிழ்க் குடும்பத்தவரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். மூச்சு முட்டும் அவ்வுயரத்தில் ஆய்வாளர் இரவெல்லாம் விழித்திருப்பது அரிது. எனவே பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டேயில் அமர்ந்து, செயற்கைக்கோள் வழியே அதனை இயக்குகின்றனர். அவ்விணைப்பை 2001 ஜூன் மாதம் தொடங்கிவைத்தவர் அன்றைய ஜம்மு காஷ்மீர் முதலமைச்சர் பரூக் அப்துல்லா. கருவி பழுதானால் அக்குளிரில் கைவைப்போர் அங்கேயே தங்கியிருக்கும் பணியாளர்கள். அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் அரிதாகவே வரும்.

இதனினும் வறண்டது தென்துருவம். ஆறு மாதம் சூரியன் உதிப்பதில்லை. பனிக்காலத்தில் விமானமும் வழக்கமாக வாராது. அங்கே தொலைநோக்கிகளைப் பேணுவோர் அத்தனை மாதங்களும் உலகைப் பிரிந்தே வாழ்கின்றனர்.

ஈரத்திற்கு அஞ்சி மலையேறலாம். விளக்கொளிக்கு அஞ்சி எங்கே செல்வது? நிஜாமியாவின் வானை ஹைதராபாத்தின் விளக்குகள் மங்கச் செய்தன. 1960களில் புதிய தொலைநோக்கி ரங்காபூருக்குச் சென்றது. ஹான்லேயைச் சுற்றி 2022இல் இருள்வான் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தார் தம் விளக்குகளுக்கு மறைப்பிட்டு ஒளியைத் தரைநோக்கித் திருப்பினர்.