லெமன் சைப்ரஸ் வாங்கப்போறீங்களா? நிறத்தை நம்பாதீங்க, மண்ணைத் தொட்டுப் பாருங்க!

நர்சரி பக்கம் போனா, கூம்பு வடிவத்துல, மஞ்சளும் பச்சையும் கலந்து நிற்குற அந்தக் குட்டி மரத்தைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. இலையைக் கசக்கினா எலுமிச்சை வாசனை. டிசம்பர் வந்தா, மினி கிறிஸ்துமஸ் மரமாவும் விற்பாங்க. அதுதான் லெமன் சைப்ரஸ். சிலர் கோல்டன் சைப்ரஸ்னும் சொல்வாங்க.

நானும் ஒரு டிசம்பர்ல ஆசையா வாங்கி, சென்னை வீட்டு ஹால்ல டி.வி பக்கத்துல வெச்சேன். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு மாசம் ஜம்முன்னு இருந்துச்சு. அப்புறம் நுனியெல்லாம் பழுப்பாகி, ஒரே வாரத்துல மொத்தமும் காய்ஞ்சிடுச்சு. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தா, வேர் கறுத்து அழுகியிருந்தது. பிரச்னை எப்பவோ ஆரம்பிச்சிருக்கு, எனக்குத்தான் தெரியலை.

சைப்ரஸோட சிக்கலே இதுதான். துளசிக்குத் தண்ணீர் போதலைன்னா தலையைத் தொங்கப்போட்டுக் காட்டிக் கொடுத்துடும். சைப்ரஸ் அப்படிக் காட்டாது. செதில் மாதிரி இறுக்கமா ஒட்டியிருக்கும் அதோட இலைகள், வேர் போன பிறகும் வாரக்கணக்குல நிறம் மாறாமலே இருக்கும்.

எங்கிருந்து வந்தது?

இதோட தாவரவியல் பெயர் குப்ரெசஸ் மேக்ரோகார்பா. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுல, மான்டெரே கடற்கரையை ஒட்டின இரண்டு சிறிய தோப்புகள்தான் இதோட பூர்வீகம். அங்கே 60 அடிக்கு மேலயும் வளரும். கடல் காற்று, மூடுபனி, மிதமான குளிர்ல பழகின மரம் இது. அதனாலதான் ஊட்டி, கொடைக்கானல்ல சைப்ரஸ் சுலபமா வளருது. நாம தொட்டியில வளர்க்குறது 'கோல்டுகிரெஸ்ட்' என்கிற தங்க நிற ரகம்.

எங்கே வைக்கணும்?

இது ஹாலுக்கான செடி இல்லை. ஏ.சி அறையின் வறண்ட காற்றும் குறைந்த வெளிச்சமும் இதுக்கு ஆகவே ஆகாது. மலைப்பகுதின்னா நாள் முழுக்க வெயில்ல வைக்கலாம். சென்னை, மதுரை மாதிரி ஊர்கள்ல காலை வெயில் 4 மணி நேரமாவது கிடைக்குற, மதிய வெயில் நேரடியா படாத பால்கனியா பாருங்க. வெளிச்சம் குறைஞ்சா தங்க நிறம் போய் வெறும் பச்சையாகிடும்.

மண்ணும் தண்ணீரும்

செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் அல்லது பெர்லைட் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. தொட்டியின் அடியில ஓட்டை கட்டாயம். அடித்தட்டுல தண்ணீர் தேங்கினா உடனே கொட்டிடுங்க.

கிழமை பார்த்துத் தண்ணீர் ஊத்தாதீங்க. விரலை ஓர் அங்குலம் உள்ளே விடுங்க. ஈரம் இருந்தா அன்னைக்கு வேண்டாம். காய்ஞ்சிருந்தா, அடியில வழியுற வரைக்கும் ஊத்துங்க. கோடையில இது தினமும் தேவைப்படலாம், மழைக்காலத்துல ஒரு வாரம்கூட தேவைப்படாம போகலாம். அடைமழைன்னா கூரைக்குக் கீழே நகர்த்திடுங்க.

முழுக்கக் காயவும் விடக்கூடாது. நர்சரி செடிகள் பெரும்பாலும் கோகோபீட்ல இருக்கும். அது ஒருமுறை நல்லா காய்ஞ்சிட்டா, ஊத்துற தண்ணீர் ஓரமா வழிஞ்சு போயிடும், வேருக்குப் போகாது. தொட்டியைத் தூக்கிப் பார்த்து லேசா இருந்தா, பக்கெட் தண்ணீர்ல அரை மணி நேரம் வெச்சு எடுங்க.

வெட்டும்போது கவனம்!

பச்சையா இருக்கும் நுனிகளை மட்டும் லேசா கத்தரிங்க. இலை இல்லாத பழைய கட்டைப் பகுதி வரைக்கும் வெட்டினா, அங்கே மறுபடி துளிர்க்காது. அந்தப் பொக்கை அப்படியே நின்னுடும். கோழை மாதிரியான பிசின் சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கோங்க. வெட்டின தழையை மாட்டுக்குப் போடாதீங்க. சினைமாடு தின்றால் கரு கலையலாம்.

பழுப்பு தெரியுதா?

உள்பக்கம், அடியில மட்டும் பழுப்புன்னா அது வயசான இலை. கையால உதிர்த்துவிட்டா போதும். வெளிப்பக்க நுனிகள் பழுப்பானா, முதல்ல மண்ணைப் பாருங்க. அது சரியா இருந்தா, வெள்ளைத்தாளைக் கீழே பிடிச்சு கிளையைத் தட்டுங்க. பொடிப்பொடியா ஏதாவது நகர்ந்தா சிலந்திப்பேன். தண்ணீரை வேகமா பீய்ச்சிக் கழுவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிங்க. காய்ஞ்ச நுனி திரும்பப் பச்சையாகாது. மற்ற பகுதிக்குப் பரவாம தடுக்குறதுதான் நம்ம வேலை.

உயிர் இருக்கான்னு சந்தேகமா? தண்டை நகத்தால லேசா சுரண்டுங்க. உள்ளே பச்சைன்னா வாய்ப்பிருக்கு. அந்த நேரத்துல உரம் போடாதீங்க, நிலைமை இன்னும் மோசமாகும்.

வாங்கும்போதே...

தொட்டியிலிருந்து மெதுவா உருவிக் காட்டச் சொல்லுங்க. வேர் வெளுப்பா இருந்தா வாங்கலாம். கறுத்து, அழுகல் வாடை அடிச்சா, மேலே எவ்ளோ அழகா இருந்தாலும் வேண்டாம். வந்த அன்னைக்கே தொட்டி மாத்தாம, ரெண்டு வாரம் பழகவிட்டு, வேரைக் கலைக்காம ஒரு சைஸ் பெரிய தொட்டிக்கு மாத்துங்க. கோடையில மாத்தாதீங்க.

'எங்க ஊர் வெயிலுக்கு இதெல்லாம் முடியாது'ன்னு தோணுதா? கவலையே வேண்டாம், துஜா வாங்குங்க. அதே கூம்பு அழகு, வெயிலையும் நல்லா தாங்கும். சைப்ரஸ்தான் வேணும்னா, தினமும் காலையில அதைப் பார்த்து ரசிங்க. கூடவே விரலை மண்ணுக்குள்ள விட்டும் பாருங்க!