பிளீக்–லாய்டு ஆவணத் தொகுப்பு

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் உள்ள குறிப்பேடுகள், ஓவியங்கள், ஒளிப்படங்களின் தொகுப்பு. பேசுவோர் இன்றி மறைந்துவிட்ட ஹாம் மொழியைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இதிலிருந்தே கிடைத்தது. குறிப்பேடுகள் மட்டும் 12,000 பக்கங்களைத் தாண்டும்.

வட கேப் வறண்ட நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் ஹாம் மக்கள். குடியேறிகள் அந்நிலத்தை வளைத்துக்கொண்டபின், ஆடுமாடு திருடியதாகப் பலர் கேப்டவுன் பிரேக்வாட்டர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஜெர்மானிய மொழியியலாளர் வில்ஹெல்ம் பிளீக், 1870இல் அனுமதி பெற்று, கைதிகள் சிலரை மோப்ரேயில் தம் வீட்டிலேயே தங்கவைத்து மொழி கற்றார். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நிறைந்த மொழி அது. அவற்றுக்கெனத் தனிக் குறிகள் இட்டே எழுத வேண்டியிருந்தது.

இந்த முயற்சியை நிலைநிறுத்தியவர் அவருடைய மனைவியின் சகோதரி லூசி லாய்டு. 1875இல் பிளீக் இறந்தபின்னும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. குறிப்பேடுகளில் பெரும்பாலானவை அவர் கைப்பட எழுதியவை. வலப்பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஹாம் மொழியையும் ஆங்கிலத்தையும் அருகருகே எழுதினார். இடப்பக்கம் பின்னர் கேட்டறியும் விளக்கங்களுக்கு. கதை சொன்னவர் அதை யாரிடம் கேட்டார் என்பதையும் பல இடங்களில் குறித்தார். கும்பிடுபூச்சியாகத் தோன்றும் கக்கன் ஒரு செருப்பிலிருந்து ஈலண்டு மானை உண்டாக்கிய கதை இப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்தது.

தொகுப்பின் பெயரில் இல்லாவிட்டாலும், இதன் ஆசிரியர்கள் கதை சொன்னவர்களே. முதியவர் காபோ 1871இல் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல், 1873 வரை இருந்து கதை சொன்னார். தம் மக்களின் கதைகள் நூலாக வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஒளிப்படங்களைப் பார்ப்பது எளிதல்ல. தாமஸ் ஹக்ஸ்லியின் மனித இன ஆய்வுக்காக, சிறைக் கைதிகளை ஆடையின்றி அளவுகோலருகே நிறுத்தி எடுத்தவையும் அக்காலத்துப் படங்களில் உண்டு. குறிப்பேட்டில் பேசும் மனிதர்கள், அங்கே வெறும் உடல்களாக நிற்கிறார்கள். இரண்டும் ஒரே வரலாறு என்பதால் சேர்த்தே படிக்க வேண்டும்.

1911இல்தான் லாய்டு ஒரு தெரிவை நூலாக வெளியிட முடிந்தது. பிளீக்கின் மகள் டொரோத்தியா தொகுத்த அகராதி, அவர் மறைந்தபின் 1956இல் வந்தது. யுனெஸ்கோ 1997இல் இத்தொகுப்பை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. 2000இல் தென்னாப்பிரிக்கா தன் புதிய அரசுச் சின்னத்தின் முழக்கத்தை ஹாம் மொழியில் பொறித்தது.

2021 ஏப்ரல் 18 அன்று மலைச்சரிவிலிருந்து பரவிய தீ, பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலக வாசிப்பறையை எரித்தது. ஆப்பிரிக்கவியல் அச்சு நூல்களும் திரைப்படங்களும் பெருமளவில் அழிந்தன. தீத்தடுப்புக் கதவுகள் நெருப்பை மற்றப் பகுதிகளுக்குப் பரவவிடவில்லை. ஆனால், அணைக்கப் பாய்ச்சிய நீர் நிலவறையில் தேங்கியது. தன்னார்வலர்கள் வரிசையில் நின்று பெட்டிகளைக் கைமாற்றி வெளியேற்ற, நனைந்த தாள்கள் பூசணம் பிடிக்காதபடி உறையவைக்கப்பட்டன. பிளீக்–லாய்டு குறிப்பேடுகள் தப்பின.