தங்கச்சிமடத்தில் மடம் எங்கே?

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர், கண்டக்டர் கூவும் ஊர்ப்பெயர்களுக்குக் கொஞ்சம் காது கொடுக்கலாம். பரமக்குடி தாண்டினால் சத்திரக்குடி. ராமநாதபுரமும் உச்சிப்புளியும் கடந்தால் மண்டபம். பாலம் ஏறி இறங்கினால் பாம்பன். அடுத்தடுத்து அக்காள்மடம், தங்கச்சிமடம். சத்திரம், மண்டபம், மடம், மறுபடியும் மடம். கால்நடையாகச் சேதுவுக்குப் போனவன் எங்கெங்கே மூட்டையை இறக்கியிருப்பான் என்று இந்தப் பெயர்களே சொல்லிவிடும்.

இவற்றில் 'மடம்' என்ற சொல்லின் கதைதான் நீளமானது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருபவை காவி, பல்லக்கு, பட்டினப் பிரவேசம், குத்தகைப் பாக்கி, நீதிமன்ற வழக்கு. தங்கச்சிமடத்தின் மடம் அந்த மடம் அல்ல.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழில் மடம் இரண்டு. ஒன்று, அச்சம், நாணம், பயிர்ப்பு ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் பழைய மடம். அறிந்தும் அறியாதது போன்ற பேதைமை, இளமையின் மென்மை. மடமை, மடத்தனம் எல்லாம் அதன் வீட்டுப் பிள்ளைகள். 'மடையன்' மட்டும் இரண்டு வீட்டுக்காரன். பழைய நூல்களில் அவன் சமையற்காரன். மடை என்றால் படைக்கும் சோறு, அதைச் சமைக்கும் இடம் மடைப்பள்ளி. இன்று மடையன் என்றால் என்ன பொருள் என்பதைச் சொல்ல அகராதி தேவையில்லை.

மற்றொரு மடம் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் குடிசை என்பது ஒரு பொருள். துறவியோ மாணவனோ தங்கும் சிறு இருப்பிடம் என்பது இன்னொன்று. தமிழ்நாட்டுக்கு வந்தபின் அதற்கு ஒரு அடுப்பும் சேர்ந்துகொண்டது. பெரியபுராணத்தில் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் ஆளுக்கொரு மடம் வைத்துப் படிக்காசில் அடியார்களுக்குச் சோறு போடுகிறார்கள். கல்வெட்டுகளில் மடத்துக்கு விடப்பட்ட நிலத்துக்கு 'மடப்புறம்' என்று பெயர். திருப்புவனத்துக்குப் பக்கத்தில் காளி கோயிலால் பேர் பெற்ற மடப்புறத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேர், அந்தப் பெயருக்குள் ஒரு சோற்று மானியம் ஒளிந்திருப்பதைக் கவனிக்கிறார்கள்?

அண்டைச் சொற்களும் இப்படி இடம் மாறியவைதான். சத்திரம், 'சத்ரம்' என்ற நெடுநாள் வேள்வியிலிருந்து வந்து, சோறிடும் விடுதியாகிவிட்டது. சாலை என்றால் கூடம். பாடசாலையிலும் தொழிற்சாலையிலும் இன்றும் அதே பொருள்தான். ஆனால் தனியாகச் சொன்னால் அது தார் போட்ட ரோடு. மடமும் சத்திரமும் புழக்கத்தில் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. தஞ்சை மராட்டியர் காலத்து மோகனாம்பாள் சத்திரம் இருக்கும் ஊரின் பெயரே ராஜாமடம்.

அந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1801-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, ராமேசுவரம் போகும் வழியிலிருந்த சத்திரங்களைக் காப்பாற்றும் பொருட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். சாதி பார்க்காமல் வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு, நோயாளிக்கு வைத்தியர், வழியில் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி இறுதிக்கடன். நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்களாம், அதுவரை சாப்பிடாமல் விடுபட்டவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிட்டுப் போக. அந்த ஒரு மணிக்காகவே கடிதம் எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

சேதுச் சீமையில் இந்தப் பொறுப்பு சேதுபதிகளின் தலையில் இருந்தது; அவர்கள் பட்டப்பெயரிலேயே வழி இருக்கிறது. சேது என்றால் அணை, கடலைக் கடக்கும் பாதை. அதன் காவலன் சேதுபதி. 1605-இல் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கன் சேதுபதியை அங்கீகரித்ததற்கே, யாத்திரிகர்களுக்கு வழியில் கள்ளர் பயம் இல்லாமல் செய்ய ஒரு ஆள் வேண்டும் என்பதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் கிழவன் சேதுபதி. சேதுபதிகளின் செப்பேடுகளை வரலாற்றாய்வாளர் எஸ்.எம். கமால் தொகுத்திருக்கிறார். அவர்களுடைய கொடைகள் கோயிலோடு நிற்கவில்லை. ஏர்வாடி தர்காவுக்கும் அனுமந்தக்குடி சமணக் கோயிலுக்கும்கூடப் போயின.

கிழவன் சேதுபதிக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் முத்து விஜயரகுநாத சேதுபதி. அக்காள், தங்கச்சி இருவரும் அவருடைய மகள்கள் என்பது இந்தப் பக்கத்துச் செவிவழிக் கதை. இருவரையும் ஒரே மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்து, அவரைப் பாம்பன் பகுதிக்குப் பொறுப்பாளராக வைத்தார். மாப்பிள்ளை, ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களிடம் வரி வசூலித்தார். வடக்கேயிருந்து வந்த ஏழை யாத்திரிகர் ஒருவர் அரசரிடம் போய் அழுதார். சாமி கும்பிட வந்தவனிடம் காசு பிடுங்கியது சிவத்துரோகம் என்று சொல்லி, அரசர் மருமகனுக்கு மரண தண்டனை விதித்தார். மகள்கள் இருவரும் தீப்பாய்ந்தார்கள். அவர்கள் நினைவாக எழுந்தவையே இரண்டு மடங்கள். சகோதரிகள் இருவர் யாத்திரிகருக்காக ஆளுக்கொரு மடம் கட்டி வைத்தார்கள் என்று எளிமையாகச் சொல்வோரும் உண்டு.

ஊர்ப்பெயருக்குக் கதை கட்டுவது எந்த ஊருக்கும் வழக்கம். கதையை வைத்து வரலாற்றை முடிவு செய்ய முடியாது. ஆனால் இந்தக் கதையில் குற்றம் என்னவென்று பாருங்கள். கொலையில்லை, சதியில்லை. வழிப்போக்கனிடம் காசு வாங்கியதுதான் குற்றம். மடம் என்ற சொல்லுக்கு இந்தக் கரையில் என்ன பொருள் இருந்தது என்பதை நிகண்டைவிட இந்தக் கதை தெளிவாகச் சொல்கிறது.

பெயரின் முதல் பாதியும் ரசிக்கத்தக்கது. தங்கைமடம் என்று யாரும் எழுதவில்லை. பேச்சு வழக்கின் 'தங்கச்சி' அப்படியே ஊர்ப்பெயராகி, தபால் முத்திரைக்கும் அரசுப் பதிவேட்டுக்கும் போய்விட்டது. வீட்டுக்குள் கூப்பிடும் சொல்லைத் திருத்தாமல் அரசாங்கம் எழுதிவைத்த இடங்கள் குறைவு.

ஏன் அந்த இடத்தில் மடம்? பாலம் இல்லாத காலத்தில் மண்டபத்திலிருந்து தோணியேறிப் பாம்பனில் இறங்குவார்கள். அங்கிருந்து கோயிலுக்கு மணலில் நடை. ஏறக்குறைய நடுவழியில் வருகிறது தங்கச்சிமடம். தண்ணீரும் நல்ல தண்ணீர். பக்கத்தில் கடலுக்குள்ளேயே இனிக்கும் வில்லூண்டி தீர்த்தம் இருக்கிறது. சீதையின் தாகம் தணிக்க ராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது தலபுராணம், வில் ஊன்றி என்பதே வில்லூண்டி ஆயிற்று என்பார்கள். அந்த மணலும் தண்ணீரும்தான் இன்று தங்கச்சிமடத்தை மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊராக்கி வைத்திருக்கின்றன. மதுரைத் தோட்டங்களின் மல்லிகைக்கு அம்மா வீடு இதுதான்.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறந்தது. யாத்திரிகன் மணலில் கால் வைக்காமலே ராமேசுவரத்தில் இறங்கினான். 1988 அக்டோபரில் சாலைப் பாலமும் வந்தபின், நடுவழியில் இறங்கவேண்டிய தேவையே போயிற்று. மடம் என்ற சொல்லுக்கு இருந்த தங்குமிடம் என்ற பொருளும் தேய்ந்தது. துறவியின் நிறுவனம் என்ற பொருள் மட்டும் நின்றது. வழக்கில் மிச்சம் இருப்பவை ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதையும், வேளை கெட்ட வேளையில் வந்து சோறு கேட்கும் பிள்ளையைப் பார்த்து "இது என்ன வீடா, சத்திரமா?" என்று அம்மா போடும் சத்தமும்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் பழைய பொருள் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் என்று தெருவோரத்தில் ஒரு குடும்பமாகவே அவை நிற்கும். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை போட்ட தெருமூடி மடம் உண்டு. வெயிலில் போகிறவன் நிழலுக்காக ஒதுங்கக்கூட வேண்டாம். நிழலுக்குள்ளேயே தெரு போகிறது.

தங்கச்சிமடத்தில் வேறொரு திசையிலும் சொல் வளர்ந்தது. இது கிறிஸ்தவ மீனவர்கள் நிறைந்த ஊர். கத்தோலிக்கத் தமிழில் அருட்சகோதரிகள் வாழும் இல்லம் 'கன்னியர் மடம்'. இங்குள்ள வேர்க்காடு சந்தியாகப்பர் ஆலயத்துக்கு ஜூலைத் திருவிழாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். ஊரையொட்டிய பேக்கரும்பில் 2017 ஜூலை 27 முதல் அப்துல் கலாம் நினைவிடம் நிற்கிறது. ராமேசுவரம் போகிற பஸ்கள் அங்கே நிற்பதால், ஊர் மறுபடியும் யாத்திரிகர் இறங்கும் நடுவழி ஆகியிருக்கிறது.

ராமேசுவரத்தில் இப்போது தங்குமிடங்களுக்கு லாட்ஜ், யாத்ரி நிவாஸ், காட்டேஜ் என்று பெயர்கள். காட்டேஜ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் குடிசை என்றே பொருள். வடமொழி மடம் கிளம்பிய இடமும் அதுதான். ஒரு வித்தியாசம், காட்டேஜுக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

உங்கள் ஊர்ப் பெயரிலோ தெருப் பெயரிலோ மடம், சத்திரம், சாவடி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், ஊரில் வயதில் மூத்தவரிடம் போய் அந்தக் கட்டடம் எந்த இடத்தில் நின்றது, கேணி எங்கே இருந்தது என்று கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள்.