ரங்கூன் கப்பலில் வந்த ஜன்னல்

வள்ளூர்ல குடியிருக்கிறவங்களுக்கு ஜன்னலைத் திறக்கிறதே ஒரு யோசனைதான். 1990களில் அத்திப்பட்டு பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2012ல வள்ளூர் அனல்மின் நிலையத்தோட முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சது. கிழக்கே எண்ணூர் துறைமுகத்துல (இப்போ காமராஜர் துறைமுகம்) நிலக்கரி இறங்குது. மத்தியானம் கடல் காத்து நல்லாத்தான் வரும், உப்போடயும் சாம்பலோடயும். அதனால பழைய வீட்டை எடுத்துக் கட்டுறவங்க முதல்ல கை வைக்கிறது மர ஜன்னல் மேலதான். கழட்டி எறிஞ்சுட்டு அலுமினியமோ யு.பி.வி.சி.யோ மாட்டிடறாங்க. கழட்டின ஜன்னல் எங்கே போகுதுன்னு பெரும்பாலும் யாரும் கேக்கறதில்லை. வீட்டை இடிக்க வந்தவர் வண்டியில ஏத்திட்டுப் போயிடுவார். அவருக்குத் தெரியும் அது என்னன்னு. நமக்குத்தான் தெரியாது :-)

அது என்னன்னு சொல்றதுக்காகத்தான் இதை எழுதறேன்.

முதல்ல அந்த வார்த்தையைப் பாருங்க. ஜன்னல் தமிழ் இல்லை. போர்த்துகீசியர்களோட 'ஜனேலா'தான் நம்ம வாயில ஜன்னல் ஆச்சு. சாவி, அலமாரி, மேசை எல்லாம் அதே கப்பல்ல வந்த சொற்கள். நமக்கு ஜன்னலே தெரியாதுன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது. சிலப்பதிகாரத்திலேயே காலதர்னு ஒரு சொல் இருக்கு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி! இதைவிட அழகா ஒரு ஜன்னலுக்குப் பேர் வைக்க முடியுமா? சாளரம், பலகணி எல்லாம் இருந்தும் ஜனேலா ஜெயிச்சுடுச்சு. கீல் போட்டு, கதவு வச்சு, தாழ்ப்பாளோட திறந்து மூடற பெரிய ஜன்னல் அவங்களோட பழக்கத்துல நமக்கு வந்ததால பேரும் கூடவே வந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

சொல் மேற்கே இருந்து வந்தது. மரம் கிழக்கே இருந்து வந்தது.

1856ஐ நம்ம பக்கத்து ஆளுங்க மறக்கவே முடியாது. ராயபுரம் ரயில் நிலையம் திறந்த வருஷம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அந்த ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துல கிளம்பி வாலாஜா ரோடு வரைக்கும் போச்சு. அதே 1856ல இன்னும் ரெண்டு விஷயம் நடந்தது. சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாப்பு அதிகாரியா ஹியூ கிளெக்கார்ன் என்ற டாக்டரைப் போட்டாங்க. பர்மாவில் பெகு காடுகளோட தேக்குக்கு டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மன்காரரைப் போட்டாங்க. ரயிலுக்கும் காட்டு அதிகாரிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? தண்டவாளத்துக்குக் கீழே போடற கட்டை, எஞ்சினுக்கு எரிக்கிற விறகு எல்லாம் காட்டுல இருந்துதான் வரணும். ஆனைமலைத் தேக்கு அதுக்கு முன்னாடியே கப்பல் கட்ட பம்பாய்க்குப் போய்க்கிட்டிருந்தது. மலை உச்சியில இருந்து தடிகளை உருட்டி விட்ட இடம்தான் இன்னிக்கும் டாப்ஸ்லிப்னு பேரோட நிக்குது. இப்படி எல்லாரும் வெட்டினா நம்ம காடு எத்தனை நாள் தாங்கும்?

பர்மாவில் காடு இருந்தது. 1826ல தெனாசரிம், 1852ல பெகு, 1885ல மேல் பர்மான்னு மூணு சண்டையில ஆங்கிலேயர் அந்த நாட்டை முழுசா எடுத்துக்கிட்டாங்க. அந்தச் சண்டைகள்ல போனவங்கள்ல சென்னைப் பட்டாளத்து சிப்பாய்கள் நிறைய பேர். 1937 வரைக்கும் பர்மா இந்தியாவோட ஒரு மாகாணம். அதாவது மோல்மீன்ல இருந்தோ ரங்கூன்ல இருந்தோ தேக்கு வந்தா அது நம்ம கணக்குல வெளிநாட்டு மரமே இல்லை.

இத்தனைக்கும் ஆரம்பத்துல மெட்ராஸ்ல துறைமுகம்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது. கப்பல் கடல்ல தள்ளி நிக்கும், மசூலா படகுல சாமான் இறங்கும். 1861ல ஒரு இரும்புப் பாலம் கடலுக்குள்ள போட்டாங்க. அப்புறம் கட்ட ஆரம்பிச்ச துறைமுகத்தில் பெரும் பகுதியை 1881 புயல் அடிச்சுட்டுப் போச்சு. திரும்பக் கட்டினாங்க. ரங்கூன் அரிசி, ரங்கூன் எண்ணெய், ரங்கூன் தேக்கு மூணும் இந்தக் கரையில இறங்கினதுதான். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி எம்டன் கப்பல் குண்டு போட்டு எரிச்சதே பர்மா ஆயில் கம்பெனியோட டாங்கிகளைத்தானே!

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அந்தக் காலத்துல கொஞ்சம் வசதியா கட்டின வீடுகளைப் பாருங்க. ஜன்னல் ரெண்டு அடுக்கா இருக்கும். கீழே ஒரு ஜோடி கதவு, மேலே ஒரு ஜோடி. தெருவுல போறவங்க பார்வை படாம கீழ்க்கதவைச் சாத்திட்டு, காத்துக்கு மேல்க்கதவை மட்டும் திறந்து வைக்கலாம். சில வீட்டுல கதவுக்குப் பதிலா சாய்வான பட்டைகளை அடுக்கியிருப்பாங்க. மழை உள்ளே வராது, காத்து வரும். ஒரு ஆணி வெளியே தெரியாது. சட்டத்துல துளை போட்டு, அடுத்த சட்டத்தோட நாக்கை அதுல செருகி, மூங்கில் ஆணியால முடுக்கியிருப்பாங்க. நூறு வருஷம் உப்புக்காத்துல நின்னும் கோணாம திறந்து மூடுது.

இதுக்கு எல்லாரும் சொல்ற காரணம், 'அந்தக் காலத்து ஆசாரி கைவேலை'. கைவேலை உண்மைதான். ஆனா பாதிப் பெருமை மரத்தை வெட்டின விதத்துக்குப் போகணும். பர்மா காட்டுல தேக்கைப் பச்சையா சாய்க்க மாட்டாங்க. அடிமரத்தைச் சுத்தி வளையமா, பட்டையையும் வெளிமரத்தையும் சேர்த்து வெட்டி விட்டுடுவாங்க. மரம் நின்னபடியே செத்து, ரெண்டு மூணு வருஷம் வெயில்ல காயும். ஆசைப்பட்டு செஞ்சதில்லை, அவசியத்துக்கு செஞ்சது. பச்சைத் தேக்குத் தடி தண்ணியில சரியா மிதக்காது, காஞ்சாத்தான் மிதக்கும். காஞ்ச பிறகு சாய்ச்சு, யானை வச்சு ஓடைக்கு இழுத்து, மழைத்தண்ணி வந்ததும் ஆத்துல விட்டு, தெப்பமா கட்டி துறைமுகத்துக்குக் கொண்டு வருவாங்க. அதுக்கும் வருஷக்கணக்கு ஆகும். அப்புறம் கப்பல், அப்புறம் மரவாடி. நம்ம ஆசாரி கைக்கு வர்றப்போ அது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிச்ச மரம். அதுவும் காட்டுல மெதுவா வளர்ந்தது, வைரம் பாய்ஞ்சது. தோட்டத்துல இருபது முப்பது வருஷத்துல வெட்டற தேக்குல வெளிமரம்தான் அதிகம்.

1942 மார்ச்சுல ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சான். கப்பல் நின்னது. சண்டைக்கப்புறம் மரம் மறுபடி வந்தாலும் பழைய தாராளம் இல்லை. 1960கள்ல அங்கே கடைகளையும் தொழில்களையும் அரசாங்கம் எடுத்துக்கிட்டதும் மரம் வந்த வழியிலேயே நம்ம மக்கள் வெறுங்கையோட வந்து இறங்கினாங்க. வியாசர்பாடியில குடியேறினவங்களும், பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் போட்டவங்களும், அத்தோ கடை வச்சவங்களும் அவங்கதான். கடைசியா 2014 ஏப்ரல் 1ல இருந்து மியான்மர் முழுத் தடி ஏற்றுமதியையே நிறுத்திடுச்சு. அறுத்த மரம் வரலாம். ஆனா அந்தக் காலத்துல நின்னு காஞ்ச அந்தத் தடி வராது. இன்னிக்குக் கடையில 'பர்மா தேக்கு'ன்னு சொன்னா பேரைக் கேட்டு பணம் கொடுக்காதீங்க, மரத்தைப் பாருங்க. சட்டத்தோட வெட்டு முனையில வளையம் நெருக்கமா இருக்கா, ஓரத்துல வெளுத்த பாகம் எவ்வளவுன்னு பாருங்க. கொஞ்சம் இழைச்சுக் காட்டச் சொல்லுங்க. தேக்குன்னா தொட்டா லேசா எண்ணெய்ப் பசை இருக்கும், தோல் மாதிரி ஒரு வாசனை வரும். வெளுத்த பாகம் நிறைய இருந்தா எந்த நாட்டு மரமா இருந்தாலும் கரையானுக்கு விருந்து.

இப்போ உங்க வீட்டு ஜன்னலுக்கு வருவோம். 'மட்கிப் போச்சு'ன்னு சொல்ற ஜன்னல்ல பெரும்பாலும் மட்கினது ரெண்டு இடம்தான். ஒண்ணு தண்ணி தேங்கற கீழ்ச் சட்டம். இன்னொண்ணு கம்பி இறங்குற துளை. இரும்புக் கம்பி உப்புக்காத்துல துருப்பிடிச்சு வீங்கி, மரத்தை உள்ளே இருந்து பிளக்குது. மரத்து மேல தப்பே இல்லை! கெட்ட பாகத்தை மட்டும் நல்ல மரம் தெரியற வரைக்கும் சாய்வா வெட்டி எடுத்துட்டு, அதே மாதிரி பழைய மரத்துண்டு ஒண்ணை ஒட்டுப் போட்டா போதும். பழைய உத்திரம், கைமரம் வாங்கி அறுத்துக்கலாம். புது மரம் வச்சு ஒட்டினா அது தனியா சுருங்கி இடைவெளி விடும். மக்கு அடைச்சு பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு ஒத்துக்காதீங்க, ரெண்டு மழைக்கு மேல நிக்காது. கதவு தொங்குதுன்னா அனேகமா கீல் திருகாணியோட துளை தளர்ந்திருக்கும். துளையில மரக்குச்சி அடிச்சு பசை விட்டு திரும்ப முடுக்கணும். கீலும் திருகாணியும் பித்தளையா இருக்கட்டும். நிலையைச் சுவருக்குள்ள திரும்ப வைக்கும்போது சுவரைத் தொடற பக்கத்துக்குத் தார் பூசற பழைய வழக்கம் நல்ல வழக்கம்.

ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்ட்டுல ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி இந்தியாவில் 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. அதனால பழைய அடுக்குகளைக் காய்ஞ்ச உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, நெருப்பு காட்டி உரிக்காதீங்க. தண்ணி தெளிச்சு ஈரமா வச்சு சுரண்டணும். சின்னப் பிள்ளைங்களை அந்தப் பக்கம் விடக் கூடாது. சுரண்டின தூளைக் கூட்டித் தள்ளாம ஈரத்துணியால ஒத்தி எடுக்கணும்.

புது வீடு கட்டறவங்க என்ன செய்யறது? எல்லாரும் மரமே போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சாம்பல் நேரா அடிக்கிற பக்கத்து படுக்கையறைக்கு ரப்பர் பட்டையோட வர்ற யு.பி.வி.சி. நல்லாவே அடைக்குது. ஆனா தள்ளுற மாதிரி ஜன்னல் போட்டா எத்தனை அடி ஜன்னலா இருந்தாலும் காத்துக்குப் பாதிதான் திறக்கும். கடலைப் பார்த்த பக்கத்துக்காவது முழுசா திறக்கிற கதவு வச்சுக்குங்க. மரம்தான் வேணும்னா நிலைக்கு வேங்கை, பலா, இப்போ நிறைய வர்ற மலேசியன் சால் இதெல்லாம் தாங்கும். திறந்து மூடற கதவுக்கு மட்டும் தேக்கு. ஈரமானி வச்சிருக்கிற மரவாடியா பார்த்து, ஈரம் 15 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு காட்டச் சொல்லி வாங்குங்க. கதவு உட்கார்ற வரம்புல ஒரு ரப்பர் பட்டை ஒட்டினா மர ஜன்னலும் சாம்பலை முக்கால்வாசி நிறுத்திடும். எண்ணூர் கொசுவுக்கு உள்பக்கம் தனியா வலைச் சட்டம்.

இடிக்கிறதுன்னு முடிவே ஆகிட்டா, இடிக்கிறவர்கிட்ட விலை பேசறதுக்கு முன்னாடி ஜன்னல், கதவு, உத்திரம், கைமரம் எல்லாத்தையும் அளந்து கன அடிக் கணக்கு எழுதி வச்சுக்குங்க. அளவு எடுக்கும்போது ஒரு ஓரத்துல பெயிண்ட்டைச் சுரண்டிப் பாருங்க. உள்ளே பொன்னிறமா தெரிஞ்சா, அந்த ஜன்னல் நிலையையாவது கழட்டி உங்க புது வீட்டுக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்க. கொத்தனார் முனகுவார், பழைய அளவுக்குச் சுவர்ல வழி விடணும்னு. விடட்டும்.