தோட்டப் பங்களா விடுதிகள்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் துரைமாரின் பழைய பங்களாக்களையும் மூடப்பட்ட தொழிற்சாலைகளையும் புதுப்பித்து நடத்தும் சொகுசு விடுதிகள். கொத்மலைச் சரிவுகளைக் கடந்து நுவரெலியா ஏறும் வழியிலும் கந்தப்பளை, பொகவந்தலாவைப் பக்கங்களிலும் இவற்றைக் காணலாம்.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலையை எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாட்டிய மாடிகள் படுக்கையறைகளாயின. டில்மா குழுமம் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டி 2005இல் தொடங்கிய 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' விடுதிக்கு இன்று ஐந்து பங்களாக்கள். அவற்றுள் டியென்சின் 1888இல் கட்டப்பட்டது.

மேட்டில் பங்களா, சரிவில் தொழிற்சாலை, பள்ளத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம். யார் யாருக்கு மேல் என்பதைத் தோட்டத்தின் அமைப்பே சொல்லிவிடும். துரைக்குக் காலைத் தேநீர் கொண்டுபோன 'அப்பு'வின் வேலையை இப்போது 'பட்லர்' செய்கிறார். விருந்தினருக்கு அது மரபு. லயத்துக்கு அது பழைய வேலை. அறைக்கட்டணம் டொலரில். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாக்கப்பட்டபோது தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின.

இந்த ஏற்றத்தாழ்வின் வேர் காணியில் இருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குச் சென்றன. 1992இல் நிர்வாகம் மட்டும் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் வந்தது. காணியைக் குத்தகைக்கு எடுத்த கம்பனி பங்களாவை விடுதியாக்கிச் சம்பாதிக்கலாம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கோ பத்தடி லயக் காம்பிராவுக்கும் உறுதி இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த தோட்டத் தொழிலாளரில் எஞ்சியோருக்கு அது முழுமையாகத் திரும்பியதே 2003இல்தான். அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்கள் சிறு துண்டுக் காணி தருகின்றன. அதுவும் எல்லோரையும் எட்டவில்லை.

கொத்மலையில் இன்னொரு முரணும் உண்டு. இங்குள்ள விடுதிகள் சன்னல்வழி காட்டும் அழகிய நீர்ப்பரப்பு, மகாவலித் திட்டத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய நீர்த்தேக்கம். அதன் அடியில் கிராமங்களும் வயல்களும் விகாரைகளும் கிடக்கின்றன. வறட்சியில் நீர் வற்றினால் கடதொர விகாரையின் இடிபாடு தலைநீட்டும். பார்க்கக் கூட்டம் வரும்.

பங்களா பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. அதே காலத்து லயம் இன்னும் குடியிருப்பாகவே ஒழுகிக்கொண்டிருக்கிறது. விதிவிலக்காக, கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக்கூடை, அடுப்படிச் சாமான்கள் என உழைத்தவர்களின் பொருள்கள் அங்கே இருக்கின்றன. 2007இல் தொடங்கிய அதை நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம், தோட்டக் கம்பனி அல்ல.