வைணு பாப்பு

மணலி கல்லட் வைணு பாப்பு (10 ஆகஸ்ட் 1927 – 19 ஆகஸ்ட் 1982) இந்திய வானியலர்; தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்ககத்தை உருவாக்கியவர். உலகம் அவரை அறிந்தது விண்மீன் ஆய்வுக்காக. ஆயினும் 1970களில் கோள்களைப் பற்றிக் காவலூரிலிருந்து வெளிவந்த ஆய்வுகளும் அவர் அங்கு கொண்டுவந்து நிறுத்திய தொலைநோக்கியை நம்பி எழுந்தவையே.

பாப்பு சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் தலச்சேரி. தந்தை ஐதராபாத்தில் நிஜாமியா வான்நோக்ககத்தில் பணியாற்றினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலைப் பட்டம் பெற்ற பாப்பு, 1949இல் ஹார்வர்டு சென்றார். அங்கு சேர்ந்த சில மாதங்களிலேயே ஓர் ஒளிப்படத் தட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அது பாப்பு–போக்–நியூகிர்க் எனப் பெயர் பெற்றது. சூரியனை ஒரு முறை சுற்றிவர அதற்குச் சுமார் 60,000 ஆண்டுகள் ஆகும் எனக் கணக்கிட்டனர். 1952இல் முனைவர் பட்டம் பெற்றபின், ஒலின் வில்சனுடன் சேர்ந்து கால்சியத்தின் ‘கே’ நிறமாலைக் கோட்டை ஆராய்ந்தார். அக்கோட்டின் நடுவே தெரியும் உமிழ்வின் அகலத்தை அளந்தால் விண்மீனின் உண்மையான ஒளிர்வை அறியலாம் என்பது முடிவு. 1957இல் வெளியான இது ‘வில்சன்–பாப்பு விளைவு’ எனப் பாடநூல்களில் இடம்பெற்றது.

நாடு திரும்பியவர் உத்தரப் பிரதேச அரசின் வான்நோக்ககத்தை நைனிதாலில் அமைத்தார். 1960இல் கொடைக்கானல் வான்நோக்ககத்தின் இயக்குநரானார்.

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்குப் பேர்போன இடம். இரவு வானத்துக்கு வேறு இடம் தேவைப்பட்டது. தென்னிந்தியாவில் பல இடங்களைப் பார்த்தபின், சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரைப் பாப்பு தேர்ந்தார். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை பாகையில் இருப்பதால் தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். காட்டுக்குள் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம். 1968இல் அங்கு முதலில் நிறுத்தப்பட்டது 38 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி. அது கொடைக்கானல் வான்நோக்ககத்தின் கொல்லைப்புறத்தில் செய்யப்பட்டது என்று காவலூரை நடத்தும் நிறுவனத்தின் வரலாற்றுக் குறிப்பே சொல்கிறது. பெரிய அறிவியல் நிறுவனங்கள் தம் தொடக்கத்தை இவ்வளவு எளிமையாக எழுதிவைப்பது அபூர்வம். 1971இல் கொடைக்கானலும் காவலூரும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்தன. பாப்பு அதன் இயக்குநரானார்.

1972இல் ஜெர்மனியின் யேனா நகரத்து கார்ல் சைஸ் நிறுவனம் செய்த 102 செ.மீ. தொலைநோக்கி வந்து சேர்ந்தது. அதைப் பொருத்திய சூட்டோடு, ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் ஜாவா தீவின் லெம்பாங்கிலும் அதைப் பதிவு செய்தனர். விண்மீன் ஒளி சட்டென்று அறுபடாததால் கனிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என 1973இல் அறிவித்தனர். 1979இல் வாயேஜர் விண்கலம் செய்த அளவீடு அதற்கு ஒத்துப்போகவில்லை. பின்னர் ஹப்பிள் தொலைநோக்கி மிக மெல்லிய ஆக்சிஜன் படலத்தின் தடயத்தைக் கண்டது. அது காவலூர்க் குழு சொன்ன அளவை விடப் பன்மடங்கு மெல்லியது. எனவே முதற்கண்டறிதல் என்ற பெருமையை எவ்வளவு தூரம் காவலூருக்குத் தருவது என்பதில் கருத்து வேறுபடக்கூடும்.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்தபோதும் இதே தொலைநோக்கிதான். கருவியியலில் தேர்ந்த ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் எதிர்பாராத நேரத்தில் ஒளி சில விநாடிகள் மங்கியதைப் பதிந்தனர். அதை ஒரு புதிய துணைக்கோளின் நிழல் என்றே முதலில் எழுதினர். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க வான்நோக்கக விமானத்திலிருந்தவர்களோ கோளின் இருபுறமும் ஒத்த மங்கல்களைக் கண்டு, வளையங்கள் என உணர்ந்தனர். அதே ஆண்டில் பட்டாச்சார்யாவும் பாப்புவும் காவலூர்ப் பதிவை மறுபடி ஆராய்ந்து, சனியின் வளையங்களைப் போன்ற அமைப்பு யுரேனஸுக்கும் உண்டு என்றனர். கண்டறிதலை அமெரிக்கக் குழுவின் பெயரிலேயே பெரும்பாலான நூல்கள் எழுதுகின்றன. இந்திய நூல்கள் காவலூரையும் சேர்க்கின்றன. விளக்கம் மாறினாலும் காவலூர் பதிவு செய்த மங்கல் பொய்யில்லை.

பாப்புவின் பெருங்கனவு 234 செ.மீ. தொலைநோக்கி. ஆடிக்கான கண்ணாடி ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைப் பெங்களூரில் ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் தேய்த்து மெருகேற்றினர். இயந்திரப் பகுதிகளை வால்சந்த்நகர் ஆலை வார்த்துச் செய்தது. அது முடிவதைப் பாப்பு பார்க்கவில்லை. 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்வான அவர், ஒன்றியத்தின் பேரவை கிரீஸில் கூடியிருந்த நாட்களில் மியூனிக்கில் காலமானார். தொலைநோக்கி 1985 நவம்பரில் வானத்தைப் பார்த்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வான்நோக்ககத்துக்குப் பாப்புவின் பெயரைச் சூட்டினார். அத்தொலைநோக்கி ஆசியாவிலேயே பெரியது என அப்போது எழுதினர். ஆர்மீனியாவின் 260 செ.மீ. கருவியை எந்தக் கண்டத்தில் சேர்ப்பது என்பதைப் பொறுத்தது அது.

1988இல் ஆர். ராஜமோகன் காவலூரில் கண்ட சிறுகோளுக்கு ராமானுஜன் எனப் பெயரிடப்பட்டது. 2596ஆம் எண் சிறுகோள் பாப்புவின் பெயரைத் தாங்குகிறது. 2014இல் காவலூரில் நிறுவிய 1.3 மீட்டர் தொலைநோக்கிக்குப் பட்டாச்சார்யாவின் பெயர் வைக்கப்பட்டுள்ளது.